நைமிரிஸ் விதை எடுத்த நாள்

மிளகாயில் விதை எடுக்கும்போது கையுறை போட வேண்டும், கண்ணாடி மாட்ட வேண்டும், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்று விதைக் கொட்டகையில் சேர்ந்த முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. அதையே நானும் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் ஒழுங்காகச் செய்த ஒருத்திக்கு என்ன நேர்ந்தது, அப்போது அவள் என்ன செய்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன். என் தலை நரைத்ததே இந்தக் கொட்டகையில்தான். தக்காளி, பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ் என்று எத்தனையோ விதை என் கை வழியாகப் போயிருக்கிறது. ஆனால் இன்றைக்கும் என் மனதைவிட்டு அகலாத நாள் அது ஒன்றுதான்.

டிசம்பர் மாதம். ஜெகதளா பக்கத்துச் சரிவில் காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் பருவம். ஹெத்தையம்மன் பண்டிகைக்காகப் படுகர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் லீவில் போயிருந்தார்கள். கொட்டகையில் நானும் நஸீமாவும் மட்டும் இருந்தோம்.

நஸீமாவை உங்களில் பலருக்குத் தெரியாது. இப்போது அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். ஊட்டி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். தோட்டக்கலையில் டிப்ளமோ முடித்து எங்களிடம் வந்தவள். கல்யாணமாகிக் குன்னூரில் குடியிருந்தாள். பிரசவ லீவு முடிந்து அப்போதுதான் திரும்பி வந்திருந்தாள். குழந்தை பெயர் ஸாரா. கீழ்ப்பல் எட்டிப் பார்க்கும் வயது. தினமும் காலையில் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருவாள். கொட்டகைக்குக் கீழே, படி இறங்கினால், பண்ணையின் குழந்தைகள் காப்பகம். அங்கே பார்வதி என்று ஒரு ஆயா இருந்தார். இடையிடையே நஸீமா இறங்கிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். குழந்தை புட்டிப்பாலைத் தொடாது.

அன்றைக்குப் பந்தலூரிலிருந்து ஒருவர் வந்தார். செல்வநாயகம். ஐம்பது வயதிருக்கும். தாய் தகப்பன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, பிறகு இங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். கூடலூர் வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மடியில் வைத்திருந்த எவர்சில்வர் டிபன் டப்பாவை என் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார்.

அந்த வாசனையை எப்படிச் சொல்வது? பழுத்த அன்னாசியும் ஏதோ காட்டுப் பூவும் கலந்த மாதிரி அறை முழுவதும் இனிப்பாகப் பரவியது. டப்பாவுக்குள் ஒரு கைப்பிடி பழம். மஞ்சளும் சிவப்புமாக, தோல் சுருங்கி, விளக்கு வெளிச்சத்தில் மெழுகு பூசியது போல மின்னின. மிளகாய் என்றே நம்ப முடியவில்லை. குனிந்து மோந்து பார்க்கப் போனேன்.

"கிட்ட போகாதீங்க மேடம்," என்றார் அவர். "நைமிரிஸ். சிங்களத்துல நைன்னா நல்ல பாம்பு, மிரிஸ்னா மிளகாய். இந்தக் கொச்சிக்காய்க்கு அந்தப் பேரு சும்மா வைக்கலைங்க."

அடுத்த நொடியே எனக்குத் தொண்டை கமறியது. இனிப்பு வாசனைக்கு அடியில் அது ஒளிந்திருந்தது.

அவர் சொன்ன விவரம் இது. தோட்டத்தில் ஒரு வரிசை முழுவதும் நைமிரிஸ் வைத்திருந்தார். அவர் மனைவி அதை எலுமிச்சைச் சாற்றில் ஊறுகாய் போட்டு விற்பார். குடும்பம் ஓடியது அதில்தான். நவம்பர் மழையில் வேர் அழுகி வரிசை மொத்தமும் வாடிவிட்டது. ஒரே ஒரு செடி மிஞ்சியது. அதுவும் துவளத் தொடங்கியதும், இருந்த பழங்களைப் பறித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"இது போச்சுன்னா வேற எங்கயும் வாங்க முடியாதுங்க. எங்கப்பா கொண்டாந்த விதையில இருந்து வந்தது. மத்த ஊடுகள்ல எல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு."

நஸீமா ஒரு குச்சியால் பழங்களைப் புரட்டிப் பார்த்தாள். மூடிய டப்பாவில் புழுங்கி வந்ததில் காம்போரம் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. ஒன்றில் பூஞ்சைக்காளானும் பிடித்திருந்தது.

"நாளைக்கு வரைக்கும் தாங்காதுங்க மேடம். இன்னைக்கே பிரிச்சிடணும்."

யார் பிரிப்பது? எனக்குக் கண்ணில் புரை அறுவை செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தூசியோ காரமோ கண்ணில் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"நஸீமா, நீ பால் குடுக்கிறவ. யோசிச்சுக்கோ," என்றேன்.

"இப்பத்தான் குடுத்துட்டு வந்தேங்க. இனி சாயங்காலந்தான் கேப்பா. ரெண்டு கிளவுஸ் போட்டுக்கறேன். வெளியில உக்காந்து பண்றேன்."

அவள் யோசித்துத்தான் சொன்னாள். நானும் யோசித்துத்தான் சரி என்றேன்.

கொட்டகை வராந்தாவில் உட்கார்ந்தாள். வெலிங்டன் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். பட்டாளத்துக்காரர்களின் துப்பாக்கிப் பயிற்சிச் சத்தமும் அந்தக் காற்றோடு வந்தது. கண்ணாடி, முகக்கவசம், தலையில் ஸ்கார்ஃப், மார்பு வரை மூடிய பிளாஸ்டிக் ஏப்ரன், கையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை. பழத்தைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, நீளவாக்கில் கீறி, உள்ளே விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சதையைக் கத்தி முனையால் நெம்பி எடுப்பாள். காரம் குடியிருப்பது அந்தச் சதையில்தான். விதையை ஒவ்வொன்றாகத் தட்டில் தள்ளுவாள். நானும் செல்வநாயகமும் கொட்டகைக்குள் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் குளிரில் அவள் விரல்கள் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

குளிர்தான் ஏமாற்றியது.

கடைசிப் பழமும் முடிந்தது. வெளிக் கையுறையை உரித்துப் போட்டாள். உள் கையுறையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இடது கையில் விரல் நுனியோரம் இரண்டு உறையும் சேர்ந்து கிழிந்திருந்தது. உள்ளே ஈரம். கத்தி எப்போதோ வழுக்கியிருக்கிறது. குளிரில் விரல் மரத்துப் போயிருந்ததால் அவளுக்குத் தெரியவே இல்லை. கிழிந்த கையாலேயே வலது கை உறையையும் தொட்டு இழுத்துவிட்டிருக்கிறாள். அந்தக் காரத்துக்கு ஒரு துளி ஈரம் போதும்.

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவதற்கும் படிக்கட்டில் பார்வதி ஆயா குழந்தையோடு ஏறி வருவதற்கும் சரியாக இருந்தது. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"ஏனுங்க நஸீமா, புள்ளை தவழ்ந்து போயி கதவு நிலையில இடிச்சுக்கிச்சு. ஈறுல ரத்தமுங்க. இப்ப நின்னுபோச்சு. ஆனா அழுகை நிக்கவே மாட்டேங்குது. நீங்க வாங்கினாத்தான் அடங்குமாட்ட இருக்குது."

தாயைப் பார்த்ததும் குழந்தை ஆயாவின் இடுப்பிலிருந்து பாய்ந்தது. இரண்டு கையையும் நீட்டியது.

எந்தத் தாயாக இருந்தாலும் அந்த நேரத்தில் கை தானாக நீளும். நான் பெற்றவள், சொல்கிறேன். யோசனை வருவதற்கு முன்னால் கை போய்விடும். நஸீமா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வராந்தாவிலிருந்து பின்பக்கமாகவே முற்றத்துக்கு இறங்கினாள்.

"கிட்ட கொண்டு வராதீங்க பார்வதிக்கா! அங்கயே நில்லுங்க!"

பார்வதி திகைத்துப்போய் நின்றார். குழந்தைக்கு அது புரியுமா? அம்மா பின்னால் போகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. மூச்சு விடாமல் கத்தியது.

"கையில காரம் பட்டிருக்கு," என்றாள் நஸீமா என்னிடம். "இன்னும் எரியலை. ஆனா பட்டிருக்கு."

"சுடுதண்ணி கொண்டாரட்டுங்களா?" என்று பார்வதி கேட்டார்.

"வேண்டாங்கக்கா. சுடுதண்ணி பட்டா எரிச்சல் கூடத்தான் செய்யும். பச்சைத் தண்ணியும் இப்ப வேண்டாம், காரம் கரையாது, பரவிடும். மேடம், கேன்டீன்ல சமையல் எண்ணெய் இருக்கும். பாத்திரம் கழுவற சோப்பும்."

கைபேசியில் கேன்டீனைக் கூப்பிட்டேன். எண்ணெய் வருவதற்குள் அவள் கை சூடேறத் தொடங்கியிருந்தது. உணர்வு திரும்பத் திரும்ப எரிச்சலும் வந்தது. முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு கண்ணில் நீர் கட்டியது. முகத்தைத் துடைக்கவும் கையில்லை. கண்ணாடிக்குள்ளேயே நீர் வழிந்தது.

எண்ணெயைப் புதுக் கையுறை போட்டுக்கொண்டு நான் அவள் கையில் ஊற்றித் தேய்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடி எண்ணெய், மறுபடி சோப்பு. ஒவ்வொரு முறையும் அவள் தன் விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். முகம் சுளியும். "இருக்கு," என்பாள். மறுபடி ஆரம்பிப்போம். அதற்குள் பார்வதி புட்டிப்பால் கொடுத்துப் பார்த்தார். ஸ்பூனால் ஊட்டிப் பார்த்தார். குழந்தை துப்பிவிட்டது. அந்த அழுகையைக் கேட்டு நஸீமாவுக்குப் பால் சுரந்து ஏப்ரனுக்கு அடியில் சட்டை நனைந்தது.

"கை நல்லாத்தானே கழுவியிருக்குது. ஒரு துணியைச் சுத்திட்டுக் கொடுங்களேன் புள்ளைக்கு," என்றார் பார்வதி. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

நஸீமா தலையாட்டினாள். "கை மட்டும்னா சரிங்கக்கா. கையுறை கிழிஞ்சதுக்கு அப்புறம் நான் எங்கெல்லாம் தொட்டேன்னு எனக்கே தெரியலையே."

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கை எரிகிறது, பிள்ளை அழுகிறது, சுற்றி நிற்கும் எல்லாரும் அவசரப்படுத்துகிறோம். அந்த நேரத்தில் ஒரு பெண்ணால் "எனக்குத் தெரியலை" என்று சொல்ல முடிந்தது. சொன்னதோடு அவள் நிற்கவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கூடைமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வெறும் கையை முன்னால் நீட்டி, இல்லாத பழத்தை இல்லாத கத்தியால் கீறத் தொடங்கினாள்.

"காம்பு கிள்ளினேன். கீறினேன். சதையை எடுத்தேன்," என்று முணுமுணுத்தாள். ஒவ்வொரு பழமாக, அதன் நிறத்தைச் சொல்லி, வடிவத்தைச் சொல்லி அறுத்துக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் கை நின்றது.

"இங்கதான். காளான் பிடிச்சிருந்த பழம். கொழகொழன்னு இருந்துச்சு. கத்தி வழுக்கிக் கட்டைவிரல் பக்கம் வந்துச்சு. அதுக்கப்புறம்... கண்ணாடி இறங்குச்சுன்னு காதோரத்துல பிடிச்சு ஏத்திவிட்டேன். ஸ்கார்ஃப் முடிச்சை இறுக்கினேன். வலது கை ஸ்வெட்டரை மேல இழுத்துவிட்டேன்." கண்ணைத் திறந்தாள். "ஏப்ரனுக்கு உள்ள கை போகவே இல்லைங்க மேடம். அது நிச்சயம்."

வலியில் துடிக்கிற ஒரு மனுஷி தன் கை போன பாதையை இப்படி ஒன்றுவிடாமல் திரும்ப நடந்து பார்ப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

செல்வநாயகத்தால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. வராந்தாவில் விதைத் தட்டு இருந்த பக்கம் போனார்.

"பச்சைப் புள்ளைய அழவச்சு எனக்கு என்னத்துக்குங்க இந்தக் கொச்சிக்காய்? தூக்கி ஓடையில வீசிடுறேன்."

"தட்டைத் தொடாதீங்கண்ணா!" நஸீமா போட்ட சத்தத்தில் அவர் நின்றுவிட்டார். உடனே அவள் குரல் இறங்கியது. "அந்த விதை என்ன தப்பு பண்ணுச்சு? கீழ பாருங்க, மஞ்சு ஏறி வருது. ஈரம் பட்டா பூஞ்சை பிடிச்சிடும். அந்தப் பெட்டியில புதுக் கிளவுஸ் இருக்கு. போட்டுக்கிட்டு, தட்டை ஆட்டாம அசைக்காம உள்ள கொண்டுபோய் அலமாரியில மேல வைங்க. ஊதிடாதீங்க. உங்க கண்ணுலதான் போய் விழும்."

உண்மையாகவே பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் கையுறை போட்டுக்கொண்டு, கோயில் தீபத்தட்டைக் கொண்டுபோகிறவரைப் போல அந்தத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே போனார்.

பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதலில் கண்ணாடி. காதோரத்தை எண்ணெய்த் துணியால் கண்ணிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தேன். தண்ணீர் ஊற்றினால் கண்ணுக்குள் வழியும் என்றாள். அடுத்து ஸ்கார்ஃபை முடிச்சோடு கத்தரித்து எடுத்தேன். ஸ்வெட்டரையும் ஏப்ரனையும் உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றினேன். எல்லாம் ஒரு பாலித்தீன் பைக்குள் போயிற்று. என் கையுறையை மாற்றிக்கொண்டு, கழுத்திலிருந்து கீழே வரை எண்ணெய், சோப்பு, தண்ணீர் என்று துடைத்துவிட்டேன். கடைசியில் ஒரு சுத்தமான ஈரத்துணியால் கழுத்தையும் மார்பையும் ஒற்றி, அந்தத் துணியை என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். துணியின் ருசிதான் இருந்தது. வேறு ஒன்றுமில்லை. பார்வதியும் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

ஆனால் விரல்கள் மட்டும் அடங்கவில்லை. காரம் நகத்துக்கு அடியில் இறங்கிவிட்டது. ஒவ்வொரு தடவை நாக்கில் வைத்தபோதும் எரிந்தது.

"கை இல்லாமலே குடுக்கலாங்க," என்றாள்.

விதை பார்க்கும் அறையில் என் நாற்காலியில் உட்கார வைத்தோம். என் சால்வையைப் போர்த்தினோம். இரண்டு கையையும் துணியில் சுற்றி நாற்காலிக்குப் பின்பக்கம் கொண்டுபோனாள். ஒன்றோடொன்று கோத்து இறுக்கிக்கொண்டாள். தன்னையறியாமல் முன்னால் வந்துவிடக்கூடாது என்று அப்படிச் செய்தாள். பார்வதி மண்டியிட்டுக் குழந்தையைத் தாயின் மடிமேல் ஏந்திப் பிடித்தார். குழந்தை ஒரு விசும்பு விசும்பியது. பிறகு பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

குழந்தையின் கை அம்மாவின் கையைத் தேடியது. பால் குடிக்கும்போது அம்மாவின் விரல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு. சால்வையைத் துழாவிப் பார்த்தது, கிடைக்கவில்லை. பார்வதி தன் விரலைக் கொடுத்தார். ஆளை மாற்றியது தெரிந்து ஒரு கணம் நிறுத்திப் பார்த்தது. பிறகு அதையே பிடித்துக்கொண்டது. நஸீமா குனிந்து அதோடு பேசிக்கொண்டே இருந்தாள். "அம்மா இங்கதாண்டா இருக்கேன். எங்கயும் போகலை. குடி." பின்பக்கம் நின்றிருந்த எனக்கு அவள் கைகள் தெரிந்தன. துணிக்குள் அவை ஒன்றையொன்று விடாமல் பிடித்திருந்தன.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான். பூசை நேரத்தில்கூட மனம் எங்காவது அலையும். அன்றைக்கு அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றபோது அலையவில்லை.

வெளியே செல்வநாயகம் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குழந்தை தூங்கியபிறகு பார்வதி போய்ச் சொன்னார். செல்வநாயகம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார். சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்குப் போகும்போது, "அந்தப் புள்ளைக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியலைங்க," என்றார் என்னிடம். நஸீமாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

விதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நிழலில் நன்றாகக் காய்ந்தது. காளான் பிடித்த பழத்தின் விதை முளைக்கவில்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை முளைத்தன. பாதியைப் பண்ணையில் வைத்துக்கொண்டோம். பாதி பந்தலூருக்குப் போனது. இன்றைக்கு அங்கே ஒரு வரிசைக்குப் பதில் பல வீடுகளில் அது நிற்கிறது. செல்வநாயகமே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டார். ஒரே வேலிக்குள் வைத்திருந்தால் ஒரே மழையில் போய்விடும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நம் கொட்டகையில் கையுறையைப் போடும் முன் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்க்கிறீர்களே, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கச் சொல்கிறார்களே, அதெல்லாம் அதற்குப் பிறகு நஸீமா கொண்டுவந்தவை. பால் கொடுக்கும் பெண்களைக் கார மிளகாய்க்கு உட்கார வைப்பதில்லை என்ற வழக்கமும் அப்போது வந்ததுதான்.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நஸீமா வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். வந்தாள். அவள் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். ராத்திரி முழுவதும் கையைத் தயிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மாமியார்தான் குழந்தையைப் பிடித்துப் பால் கொடுக்க வைத்தாராம். முகம் வீங்கியிருந்தது. குழந்தை அப்பாவின் தோளிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. முந்தின நாளிலிருந்து அவள் அதைக் கையால் தொடவே இல்லை.

என் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

"எரிச்சல் நின்னுடுச்சுங்க மேடம். நாக்குல வச்சாலும் ஒண்ணும் தெரியலை. ஆனா என் நாக்கை நான் நம்ப மாட்டேன், அது நேத்தே மரத்துப்போச்சு. வீட்டுல எல்லாரும் போதும் எடுத்துக்கோன்னுதான் சொல்வாங்க. நீங்க பாருங்க."

நான் அவளைவிட வயதில் எவ்வளவோ மூத்தவள். அவளுக்கு மேலதிகாரி. அதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்து என் நாக்கில் வைத்தேன். நகத்தின் ஓரம், நகத்துக்கு அடியில், விரல் இடுக்கு. அவசரப்படாமல் ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன். தயிரின் புளிப்பு லேசாக இருந்தது. இடது கட்டைவிரலை இரண்டு தடவை பார்த்தேன். அவள் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"ஒண்ணுமில்லை," என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா. எடுத்துக்கோ."

அவள் திரும்பிப் போய்த் தன் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.